சேர்ச் பள்ளிக்கூடத்தில் யாருக்கு இடம், யாருடைய பணம்

வணக்கம் நேயர்களே. லண்டனில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போகிற அம்மாமாரும் அப்பாமாரும் என்னிடம் அதிகம் கேட்பது, "நாங்கள் சைவம், பக்கத்தில் இருக்கிற சி ஒவ் ஈ பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பிக்கலாமா?" என்பதுதான். சி ஒவ் ஈ என்றால் சேர்ச் ஒவ் இங்கிலாந்து, அதாவது இங்கிலாந்தின் அங்கிலிக்கன் திருச்சபை. தாராளமாக விண்ணப்பிக்கலாம். இடம் மிஞ்சியிருந்தால் சமயத்தைக் காட்டி உங்கள் பிள்ளையை மறுக்கவே முடியாது. இருக்கிற இடத்தைவிடக் கேட்கிறவர்கள் கூடும்போதுதான் சிக்கல், அப்போது யாரை முதலில் எடுப்பது என்று தீர்மானிக்கிறவர் பள்ளிக்குப் பள்ளி வேறு.

இது 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் தொடங்கிய கதை. அங்கிலிக்கன் திருச்சபையிடம் அப்போது ஆயிரக்கணக்கான பள்ளிகள் இருந்தன, பழைய கட்டடங்களைத் திருத்தப் பணம்தான் இல்லை. அரசு இரண்டு வழி காட்டியது. வொலன்ரரி கொன்ட்ரோல்ட் என்றால் செலவு முழுவதும் அரசுடையது, பிள்ளைகளைச் சேர்ப்பது உள்ளூராட்சியான கவுன்சில். வொலன்ரரி எயிடட் என்றால் கட்டடச் செலவில் ஒரு பங்கைத் திருச்சபை தரப்பு போட வேண்டும், பதிலுக்கு நிர்வாகக் குழுவில் பெரும்பான்மையும் சேர்க்கும் அதிகாரமும் அதன் பக்கம். அந்தப் பங்கு தொடக்கத்தில் பாதிக்குப் பாதி. குறைந்து குறைந்து இப்போது 10 சதவீதத்தில் நிற்கிறது, அதிகாரம் மட்டும் குறையவில்லை. ஆசிரியர் சம்பளம், மின்சாரம், புத்தகம் எல்லாம் மற்றப் பள்ளிகளைப் போலவே நம் வரிப்பணம்தான். நிலமும் கட்டடமும் பெரும்பாலும் திருச்சபை சார்ந்த அறக்கட்டளைகளுடையவை என்பதையும் சொல்லத்தான் வேண்டும், ஆனாலும் என் பார்வையில் இது திருச்சபைக்கு மிக நல்ல பேரம். அந்தப் பத்து வீதத்துக்காகவும் பல பள்ளிகள் பெற்றோரிடம் நன்கொடை கேட்டுக் கடிதம் அனுப்பும். விருப்பமானால் கொடுங்கள், கொடுக்காததற்காக இடம் மறுக்க முடியாது.

கவுன்சிலைச் சாராமல் தனித்து இயங்கும் அக்கடமியாக மாறிய பள்ளிகளுக்குப் பணம் நேராக மத்திய அரசிடமிருந்து வருகிறது, சேர்க்கும் விதியை அதை நடத்தும் டிரஸ்ட் வகுக்கிறது.

சரி, எயிடட் பள்ளி ஒன்றில் போட்டி இருந்தால்? அதன் சேர்க்கை விதியைப் பள்ளியின் இணையதளத்தில் வரி வரியாகப் படியுங்கள். சில பள்ளிகள் சேர்ச்சுக்குப் போகிறவர்களுக்கென்று ஒரு பகுதியையும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கென்று ஒரு பகுதியையும் ஒதுக்கும், வேறு சில பள்ளிகள் எந்தச் சமயம் என்றே கேட்காமல் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று மட்டும் பார்க்கும், இன்னும் சில வேறு சமயத்தாருக்கும் ஒரு வரிசை வைத்திருக்கும். வழிபாட்டுக்கு எத்தனை தரம், எவ்வளவு காலம் போயிருக்க வேண்டும் என்று கேட்கிற பள்ளியில் குருவானவர் கையெழுத்திட வேண்டும். இதற்காகவே நாலு வயதுப் பிள்ளைக்கு அவசரமாக ஞானஸ்நானம் கொடுக்கிறவர்களும், கையெழுத்து விழுந்த மறுவாரமே காணாமல் போகிறவர்களும் உண்டு, வெள்ளைக்காரரும் இதைத்தான் செய்கிறார்கள். நான் பெற்றோரைத் திட்டமாட்டேன், விதி அப்படி எழுதியிருந்தால் ஆட்டமும் அப்படித்தான் நடக்கும். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: சேர்ச்சில் பூ அலங்கரித்தோம், கூட்டித் துடைத்தோம் என்பதற்காக முன்னுரிமை கொடுப்பதை அரசின் சேர்க்கை விதிமுறை தடுக்கிறது.

நம்மவர்கள் தவறவிடுவது இன்னொன்று. கவுன்சிலின் பொதுப் படிவத்தை நிரப்பியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். சமய அடிப்படையில் கேட்கிறவர்கள் பள்ளியின் கூடுதல் படிவத்தையும் நேராகப் பள்ளிக்கே அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஞாயிறு தவறாமல் போன குடும்பமும் பின்வரிசைக்குத் தள்ளப்படும். பொதுப் படிவத்துக்குக் கடைசி நாள் ஆரம்பப் பள்ளிக்கு ஜனவரி 15, இடைநிலைக்கு அக்டோபர் 31. விருப்பப் பட்டியலில் நீங்கள் எந்தப் பள்ளியை எத்தனையாவதாகப் போட்டீர்கள் என்பதை வைத்துப் பள்ளி முன்னுரிமை தர முடியாது, அதனால் உண்மையில் பிடித்ததை முதலில் போடுங்கள், கிடைக்கக்கூடிய பள்ளி ஒன்றையும் கீழே எழுதிவிடுங்கள்.