ஈட்டி திறந்த வீடு

[திரையில்: மழை ஓய்ந்த பசுங்குன்றுகள், கல் மதில், சிறு தேவாலயம்]

"என் நெஞ்சின் ஒளி உன் நெஞ்சே, மீட்பரே, உன் நெஞ்சு எனக்குக் கிடைப்பதே என் நெஞ்சின் செல்வம்."

ஐரிஷ் மொழியில் இந்த இரண்டே அடிகளில் 'க்ரீ' என்ற சொல் நான்கு முறை வருகிறது. க்ரீ என்றால் நெஞ்சு. இயேசுவின் நெஞ்சும் பாடுபவரின் நெஞ்சும் மாறி மாறி ஒலிக்க, எது யாருடைய நெஞ்சு என்றே தெரியாமல் போகிறது. பாடியவர் டைக் கேலக் ஓ சூலவான்.

[திரையில்: அயர்லாந்து வரைபடம், தெற்குப் பகுதி]

1715-ஐ ஒட்டிப் பிறந்தவர். லிமெரிக் பக்கத்துக்காரர், நெடுங்காலம் கார்க் பகுதியில் வாழ்ந்தார். கத்தோலிக்கர் நிலம் வாங்கவோ பள்ளி நடத்தவோ சட்டம் இடம் தராத காலம் அது. அந்நாளைய கவிஞர்களுக்கு 'ஆஷ்லிங்' என்றொரு பாட்டு வகை இருந்தது: கனவில் ஓர் அழகி தோன்றுவாள், அவள்தான் அயர்லாந்து, அரியணை இழந்து கடல் கடந்து போன, ஸ்டூவர்ட் என்ற கத்தோலிக்க அரச குடும்பத்து அரசனுக்காகக் காத்திருப்பாள். டைக்கும் அப்படிப் பாடியவர்தான். அந்த அரசன் கடைசிவரை வரவில்லை.

1760களின் பிற்பகுதியில் வாட்டர்ஃபோர்ட் வட்டாரத்துக்குக் குடிபெயர்ந்தார். அங்கேதான் அவர் பாட்டு இறைவன் பக்கம் திரும்பியது.

[திரையில்: ஓலைக்கூரை வீடு, கணப்புத் தீ]

இயேசுவின் திருஇருதயத்தைப் பாடிய அந்தப் பாட்டிலேயே இன்னொரு இடம் வருகிறது. சிலுவையில் தொங்கும் இயேசுவின் விலாவில் ஈட்டி பாய்கிறது. நாம் ரத்தத்தை நினைப்போம். டைக்குக் கண்ணில் படுவது ஒரு வீடு. உன் நெஞ்சுக்குள், உலகம் முழுவதும் ஒதுங்கிக்கொள்ள ஒரு வீட்டை ஈட்டி திறந்துவிட்டது என்கிறார். சொந்த நிலத்தில் உரிமையற்று நின்ற மக்களிடம் 'உனக்கு ஒதுங்க ஓர் இடம் இருக்கிறது' என்று ஒரு கவிஞர் பாடுகிறார். நான் எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறேன்.

அவருடைய இந்தப் பக்திப் பாடல்கள் ஊரார் ஏற்கெனவே அறிந்த நாட்டுப்புற மெட்டுகளில் அமைந்தவை. எழுத்து தெரியாதவரும் ஒருமுறை கேட்டுவிட்டுப் பாடலாம். 1802-இல் குளோன்மெல் நகரில் 'பையஸ் மிசலனி' (பக்தித் திரட்டு) என்ற பெயரில் அவை நூலாயின. ஐரிஷ் நூல்கள் அச்சேறுவதே அரிதாக இருந்த நாட்களில், அடுத்த அரை நூற்றாண்டு முழுக்க இது திரும்பத் திரும்ப அச்சானது.

அவர் அதைப் பார்க்கவில்லை. 1795-இல் வாட்டர்ஃபோர்ட் நகர ஆலயத்தில் செபித்துக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது என்பார்கள்.

[திரையில்: பாலிலனீன் கல்லறைத் தோட்டம்]

வாட்டர்ஃபோர்ட் வட்டாரத்துப் பாலிலனீனில் அடக்கம் செய்தார்கள். நண்பரும் கவிஞருமான டோனகா ருவா மக் கன்மாரா அவருக்காக லத்தீனில் ஓர் இரங்கற்பா எழுதினார். அதன் தொடக்கம் இது: "டைக் இங்கே உறங்குகிறார். வழிப்போக்கனே, கண்ணை இந்தப் பக்கம் திருப்பு. பெரும்புலவர் ஒருவரைச் சிறிதளவு மண் மூடியிருக்கிறது."