ஸ்டார்ஃபைண்டர் விண்கலப் போர்: ஒரு கப்பல், ஐந்து பேர், ஒரு சுற்று

[திரையில்: அறுகோணங்கள் வரைந்த விரிப்பு. அதன்மேல் இரண்டு கப்பல் பொம்மைகள்.]

வணக்கம். ஸ்டார்ஃபைண்டர் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் விண்வெளி விளையாட்டு. அதை ஆட வருகிறவர்களில் பலர் தடுமாறும் இடம் முதல் விண்கலப் போர். அதுவரை ஆளுக்கொரு கதாபாத்திரத்தை வைத்துத் தனித்தனியாகச் சண்டை போட்டவர்கள், திடீரென்று எல்லோரும் சேர்ந்து ஒரே கப்பலை ஓட்ட வேண்டும். செயல்களின் பட்டியலைப் பார்த்ததும் தலை சுற்றும். அதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எது முதலில் நடக்கிறது, எது பிறகு நடக்கிறது என்ற வரிசை பிடிபட்டால் போதும். பைசோ நிறுவனம் 2017இல் வெளியிட்ட முதல் பதிப்பின் விதிகளை வைத்துத்தான் இன்று பேசப்போகிறேன்.

கப்பலில் ஐந்து பொறுப்புகள்: கேப்டன், பைலட், இன்ஜினியர், சயின்ஸ் ஆபீசர் (சென்சாரையும் ஷீல்டையும் கவனிப்பவர்), கன்னர் (பீரங்கி சுடுபவர்). கேப்டனும் பைலட்டும் ஒருவர்தான் இருக்கலாம். மற்ற வேலைகளில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் உட்காரலாம்.

[திரையில்: மூன்று பெட்டிகள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

ஒரு சுற்றுக்கு மூன்று கட்டங்கள். முதலில் இன்ஜினியர் வேலை செய்வார். அடுத்து பைலட் கப்பலை நகர்த்துவார். சயின்ஸ் ஆபீசரும் அதே கட்டத்தில்தான். கடைசியில் பீரங்கிகள். கேப்டன் மட்டும் எந்தக் கட்டத்திலும் நுழையலாம், ஆனால் சுற்றுக்கு ஒருமுறைதான்.

இப்போது இரண்டாவது கட்டத்துக்கு வருவோம். இந்த ஆட்டத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது. நம் கப்பலின் பைலட்டும் எதிரிக் கப்பலின் பைலட்டும் 20 முகப் பகடையை உருட்டி, தங்கள் பைலட்டிங் திறனைக் கூட்டுகிறார்கள். குறைவாக எடுத்தவர் முதலில் நகர வேண்டும். ஆமாம், ஜெயித்தவர் கடைசியில்தான் நகர்வார்! எதிரி எங்கே போய் நின்றான், எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறான் என்பதை எல்லாம் பார்த்துவிட்டு, அவனுடைய பலவீனமான பக்கத்தில் போய் நிற்கலாம். ஒவ்வொரு கப்பலுக்கும் முன், பின், இடம், வலம் என்று நான்கு பக்கமும் தனித்தனி ஷீல்டு (அடியைத் தாங்கும் சக்திக் கவசம்) இருப்பதால், யார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதில்தான் போரே அடங்கியிருக்கிறது.

நினைத்தபடி திரும்பவும் முடியாது. சராசரிக் கப்பல் இரண்டு அறுகோணம் நகர்ந்த பிறகே 60 பாகை திரும்பலாம். மந்தமான கப்பலுக்கு நான்கு வேண்டும். பெரிய சரக்குக் கப்பலை ஓட்டும் பைலட் இரண்டு சுற்று முன்னாலேயே யோசிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

[திரையில்: நம் கப்பலின் பின்பக்க ஷீல்டு சிவப்பாகிறது.]

ஒரு சுற்றைக் கிட்டே போய்ப் பார்ப்போம். நம் கப்பல் இரண்டாம் நிலை, அதாவது அதன் பலத்தைக் குறிக்கும் எண் 2. பின்பக்க ஷீல்டு போய்விட்டது. இன்ஜினியர் மின்சக்தியைத் திருப்பிவிட நினைக்கிறார். பகடையும் திறனும் சேர்த்து எடுக்க வேண்டிய எண் 10, அதோடு கப்பல் நிலையின் ஒன்றரை மடங்கு, ஆக 13. கிடைத்துவிட்டது. சரி, சக்தியை எங்கே அனுப்புவது? ஷீல்டுக்கா? இன்ஜினுக்கா? இன்ஜினுக்கு அனுப்பினால் இந்தச் சுற்றில் இரண்டு அறுகோணம் கூடுதலாக ஓடலாம். ஆனால் பைலட்டுகள் இன்னும் பகடையே உருட்டவில்லை. எதிரி எங்கே வருவான் என்று தெரியாமலேயே இன்ஜினியர் முடிவெடுக்க வேண்டும். மேசையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவது இந்த இடத்தில்தான். எனக்கு மிகவும் பிடித்த தருணமும் இதுதான்.

அவர் இன்ஜினுக்கே அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். நம் பைலட் 17, எதிரி 14. எதிரி நகர்ந்து முடித்ததும் நம் ஆள் ஓடிப்போய், பலமான முன்பக்கத்தை அவனுக்குக் காட்டி நிற்கிறார். சயின்ஸ் ஆபீசர் மீதமுள்ள ஷீல்டிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பின்பக்கத்துக்குத் தள்ளுகிறார். அப்புறம் கன்னர்கள் சுடுகிறார்கள். இங்கே ஒரு நல்ல விதி இருக்கிறது: சுட்டதன் விளைவு கட்டத்தின் முடிவில்தான் கணக்கில் வரும். அதனால் செயலிழக்கப்போகிற கப்பலும் தன் கடைசிக் குண்டைச் சுட்டுவிடும்.

[திரையில்: கப்பலின் உடல் புள்ளிகள் 55. அதன் பக்கத்தில் 11 என்ற எண்.]

ஷீல்டைத் தாண்டி அடி உடலில் விழுந்தால் என்ன ஆகும்? நம் கப்பலுக்கு 55 புள்ளிகள், ஆபத்து வரம்பு 11. முதல் அடி 8, ஒன்றும் ஆகவில்லை. அடுத்த அடி 6. மொத்தம் 14 ஆகி 11ஐத் தாண்டிவிட்டது, ஏதோ ஒரு பாகம் பழுதாகும். நூறு வரைக்குமான பகடையில் 42 வந்தால் ஆயுதங்கள். கன்னர்கள் சுடும்போது எடுக்கும் எண்ணில் 2 குறையும். சென்சார் பழுதானால் அடி சயின்ஸ் ஆபீசருக்கு, இன்ஜின் என்றால் பைலட்டுக்கு, உயிர்காப்பு அமைப்பு என்றால் கேப்டனுக்கு. கப்பலில் விழுகிற அடி மேசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் கையைக் கட்டிப்போடுகிறது. இவ்வளவு எளிய அட்டவணையில் இதைச் சாதித்திருப்பது பெரிய விஷயம்.

பழைய அச்சுப் புத்தகம் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதில் பல செயல்களுக்குக் கப்பல் நிலையின் இரண்டு மடங்கைக் கூட்டச் சொல்லியிருக்கும். கதாபாத்திரத்தின் திறன் புள்ளி நிலைக்கு ஒன்றுதான் ஏறும், தேவைப்படும் எண்ணோ இரண்டு இரண்டாக ஏறும். வளர வளர வேலை தெரியாதவர்கள் ஆகிவிடுவோம்! திருத்தத்தில் அதை ஒன்றரையாகக் குறைத்துவிட்டார்கள். திருத்திய எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று பேர்தான் ஆடுகிறீர்களா? கேப்டன் நாற்காலியைக் காலியாக விடுங்கள். பைலட்டும் கன்னரும் கட்டாயம் வேண்டும். மூன்றாமவர் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் பொறுப்பை மாற்றிக்கொள்ளலாம். நம் கப்பலில் இப்போது ஆயுதம் பழுது, பின்பக்க ஷீல்டும் பலவீனம். அந்த மூன்றாமவர் இன்ஜினியராகிப் பழுது பார்ப்பாரா, சயின்ஸ் ஆபீசராகி ஷீல்டைச் சரிசெய்வாரா? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கீழே எழுதுங்கள்.