உள்ளே வந்துவிட்டால் நம்மவரா?

வணக்கம். கம்பெனி நெட்வொர்க், அதன் பாதுகாப்பு என்று தலைப்பைச் சொன்னதுமே பாதிப் பேர் வேறு ஸ்டேஷனுக்குப் போயிருப்பீர்கள். மிச்சம் இருப்பவர்களில் யார் வீட்டிலாவது வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒருவர் இருப்பார், காலையில் லேப்டாப்பைத் திறந்ததும் "விபிஎன் கனெக்ட் ஆகல" என்று புலம்புவார். அந்தப் புலம்பலைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

விபிஎன் செய்வது என்ன? வீட்டில் இருக்கும் உங்கள் கம்ப்யூட்டரை ஆபீஸ் கட்டடத்துக்குள் இருப்பது போல ஆக்கிவிடுகிறது, அவ்வளவுதான். சிக்கலும் அதிலேயேதான் இருக்கிறது. ஏனென்றால் நிறையக் கம்பெனிகளில் உள்ளே வந்துவிட்ட ஆளை அப்புறம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கல்யாண மண்டபம் மாதிரி. வாசலில் பன்னீர் தெளிப்பதோடு சரி. பந்தியில் உட்கார்ந்திருப்பவரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு ஆள் என்று நினைப்பார்கள், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைப்பார்கள்.

நான் எங்கே பேசினாலும் ஒரு கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. என்னைத் தெரிந்தவர்கள் "டார்கெட் கதையா?" என்று கேட்பார்கள். ஆமாம், அதேதான்.

டார்கெட் என்பது அமெரிக்காவில் ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பெரிய கடை. 2013 நவம்பர் கடைசி, கிறிஸ்துமஸ் விற்பனை சூடு பிடிக்கிற நேரம். பென்சில்வேனியாவில் ஃப்ரிட்ஜ், ஏசி வேலை எடுத்துச் செய்யும் கான்ட்ராக்டர் கம்பெனி ஒன்றுக்கு அதற்கு முன்பே ஒரு போலி மெயில் போயிருக்கிறது, அதன் வழியாக டார்கெட்டுக்குள் நுழைய அவர்கள் வைத்திருந்த பாஸ்வேர்ட் களவு போய்விட்டது. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏசி மெஷினை ஹேக் செய்து உள்ளே போனார்கள் என்று இன்றைக்கும் பலர் நம்புகிறார்கள், அதெல்லாம் இல்லை. அந்த கான்ட்ராக்டருக்குக் கொடுத்திருந்த இணைப்பு பில் அனுப்பவும் ஒப்பந்தக் காகிதம் அனுப்பவும் வேலை விவரம் பார்க்கவும்தான். பில் அனுப்புகிற அந்த வழியில் நுழைந்த திருடர்கள் மெல்ல மெல்ல நகர்ந்து, கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிற கார்டு தேய்க்கும் மெஷின் வரைக்கும் போய்விட்டார்கள். 4 கோடி கார்டுகளின் விவரம் போனது. அது போக 7 கோடிப் பேரின் பெயர், முகவரி, போன் நம்பர் என்று கைக்குச் சிக்கியதெல்லாம்.

இதில் நம் பக்கத்து ஊர் சமாச்சாரம் ஒன்றும் உண்டு. டார்கெட்டின் கண்காணிப்புக் குழு ஒன்று பெங்களூரில் இருந்தது. எச்சரிக்கை வந்தது, அவர்கள் பார்த்தார்கள், மினியாபொலிஸில் இருந்த தலைமையகத்துக்குச் சொன்னார்கள், அங்கே யாரும் அசையவில்லை என்று அடுத்த வருஷம் பத்திரிகையில் வந்தது. டிசம்பரில் அமெரிக்க அரசாங்கத்தின் நீதித்துறை கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் கம்பெனி முழித்துக்கொண்டது. 2014 மே மாதம் தலைமை நிர்வாகி பதவியை விட்டுப் போனார். ராத்திரியெல்லாம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த பெங்களூர் ஆட்களை நினைத்தால் எனக்கு இன்னமும் வருத்தம்தான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் கேள்வி ஒன்றுதான். பில் அனுப்ப வந்தவர் கண்ணில் கார்டு மெஷின் ஏன் படவேண்டும்?

இதே கேள்வியைச் சிலர் முன்னாலேயே கேட்டிருந்தார்கள். ஃபாரெஸ்டர் என்ற ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஜான் கிண்டர்வாக் 2010-இல் இதற்கு ஜீரோ டிரஸ்ட் என்று பெயர் வைத்தார். உள்ளே இருக்கிறார் என்பதற்காக யாரையும் நம்பாதே. ஆள் யார், எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வருகிறார், அது ஒழுங்காக அப்டேட் ஆகியிருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார், பார்த்த பிறகும் அவருக்கு வேண்டிய ஒரு அப்ளிகேஷனை மட்டும் திற. கூகுள் இதைச் செய்தே காட்டியது. 2009 கடைசியில் சீனாவிலிருந்து வந்த தாக்குதலில் அடிபட்ட பிறகு, ஆபீஸ் நெட்வொர்க்குக்கு விசேஷ மரியாதை கிடையாது, ஊழியர் காபிக் கடையில் உட்கார்ந்தாலும் ஆபீஸில் உட்கார்ந்தாலும் ஒரே சோதனைதான், விபிஎன்னும் வேண்டாம் என்று மாற்ற ஆரம்பித்து, அதன் விவரங்களை 2014 டிசம்பரிலிருந்து கட்டுரைகளாக வெளியிட்டது.

இது பாதிக் கதை. மறுபாதி நெட்வொர்க். முன்னெல்லாம் கிளை அலுவலகத்திலிருந்து தலைமை அலுவலகத்துக்கு விலை கூடிய தனி லைன் போட்டிருப்பார்கள். மெயில், கணக்கு எல்லாம் அங்கே இருந்த சர்வரில் இருந்ததால் அது நியாயம். இப்போது மெயில் கிளவுடில், அதாவது இணையம் வழியாக எட்டக்கூடிய வேறொரு கம்பெனியின் சர்வரில், சம்பளக் கணக்கும் கிளவுடில். ஆனால் போகிற வருகிற டேட்டாவைச் சோதிக்கும் ஃபயர்வால் தலைமை அலுவலகத்தில் இருக்கிறதே! அதனால் கிளையிலிருந்து கிளம்புகிற டேட்டா முதலில் தலைமை அலுவலகம் போய், சோதனை முடிந்து, திரும்ப வெளியே கிளம்பி கிளவுடுக்குப் போகிறது. வந்த வழியே மறுபடி திரும்புகிறது. உங்கள் வீடியோ கால் பாதியில் உறைந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். 2020-இல் எல்லோரும் வீட்டுக்குப் போனதும் மொத்தக் கூட்டமும் அந்த ஒரு வாசலில் முட்டியது.

இப்படி ஆனதற்கு ஆட்களும் காரணம். நெட்வொர்க் டீம் தனி, செக்யூரிட்டி டீம் தனி. வழி போடுபவர்கள் ஒரு அறையில், வழியை மறிப்பவர்கள் இன்னொரு அறையில், ஏதாவது உடைந்தால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். இந்த இரண்டும் ஒரே வேலை என்பதுதான் என்னுடைய நெடுநாள் பிடிவாதம். கார்ட்னர் என்ற இன்னொரு ஆய்வு நிறுவனம் 2019-இல் அதற்கு சாஸி என்று பெயர் வைத்தது. பெயரை மறந்துவிடுங்கள், செய்வது இதுதான்: நீங்கள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கிளவுட் மையத்திலேயே சோதனையும் நடக்கும், அங்கிருந்தே வேண்டிய இடத்துக்கு வழியும் கிடைக்கும். தலைமை அலுவலகத்தைச் சுற்ற வேண்டாம். விதியை ஒரே இடத்தில் எழுதினால் கிளைக்கும் வீட்டுக்கும் ஒன்றுதான்.

இதெல்லாம் பெரிய கம்பெனிக்கு என்பீர்கள். 2021 மே மாதம் அமெரிக்காவில் கலோனியல் பைப்லைன் என்ற கம்பெனியில் நடந்ததே. டெக்சாஸிலிருந்து நியூயார்க் பக்கம் வரைக்கும் பெட்ரோல் போகிற சுமார் 8,850 கிலோமீட்டர் குழாய். யாரும் பயன்படுத்தாத பழைய விபிஎன் கணக்கு ஒன்று திறந்தே கிடந்தது, ஓடிபி மாதிரி இரண்டாவது சோதனை எதுவும் அதற்குக் கிடையாது. பாஸ்வேர்ட் கடினமானதுதான் என்று கம்பெனித் தலைவர் அமெரிக்க செனட்டில் சொன்னார்! கடினமாக இருந்து என்ன, திருடர்கள் கையில் அதுவே இருந்தது. குழாயை அவர்கள் தொடவே இல்லை, ஆபீஸ் கம்ப்யூட்டர்களைத்தான் முடக்கினார்கள். பயந்துபோய்க் கம்பெனியே குழாயை நிறுத்தியது. 75 பிட்காயின் கப்பம் கட்டினார்கள், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர். பழைய கணக்கை மூடுவதற்கும் இரண்டாவது சோதனை வைப்பதற்கும் பெரிய கம்பெனியாக இருக்க வேண்டியதில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். இந்த சாஸி முறையின் குறைகளைப் பற்றி விரிவாகப் பேசவேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் ஒரே கிளவுட் கம்பெனியிடம் கொடுத்தால் அது விழுகிற அன்றைக்கு நீங்களும் விழுவீர்கள். 2025 நவம்பர் 18 சாயங்காலம் சாட்ஜிபிடி, எக்ஸ் எல்லாம் திறக்காமல் போனது ஞாபகம் இருக்கும். பல வெப்சைட்டுகளுக்கு முன்னால் நின்று பாதுகாப்பும் வழியும் தருகிற கிளவுட்ஃப்ளேர் என்ற கம்பெனியில் ஒரு ஃபைல் அளவுக்கு மீறிப் பெருத்ததால் வந்தது, தாக்குதல் இல்லை. அன்றைக்கு அவர்களுடைய ஜீரோ டிரஸ்ட் லாகின் வழியாக வேலைக்குப் போகிற ஊழியர்களில் பெரும்பாலோரால் உள்ளே நுழைய முடியவில்லை. அதனால் யாரிடம் வாங்கினாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், நீங்கள் விழுந்தால் என் ஆட்கள் எந்த வழியாக வேலைக்குப் போவார்கள் என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.