55 ஆண்டும் ஒரு நாளும்

வணக்கம் நேயர்களே. அமெரிக்காவில் மத்திய அரசின் சிறைகளில் மட்டும் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலருடைய தண்டனையை உண்மையில் நிர்ணயித்தது நீதிபதி இல்லை என்று நான் சொன்னால் நம்புவீர்களா? ஒரே ஒரு வழக்கைச் சொல்கிறேன், கேளுங்கள்.

2004 நவம்பர் 16, யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி. நீதிபதி பால் காசெல் முன்னால் நிற்பவர் வெல்டன் ஏஞ்சலோஸ். இருபதுகளில் இருந்த இளைஞர், இசைப்பதிவுத் தொழிலில் இருந்தவர், சின்னப் பிள்ளைகளுக்குத் தகப்பன். போலீஸின் ஆள்காட்டி ஒருவரிடம் மூன்று முறை கஞ்சா விற்றார், தடவைக்கு 350 டாலர். அதில் இரண்டு தடவை அவரிடம் துப்பாக்கி இருந்ததைப் பார்த்ததாக ஆள்காட்டி சொன்னார். அப்புறம் வீட்டைச் சோதனை போட்டபோதும் துப்பாக்கிகள் கிடைத்தன. யாரையும் சுடவில்லை, யாரிடமும் நீட்டி மிரட்டவுமில்லை.

தவறு செய்தார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கிடைத்த தண்டனை 55 ஆண்டு.

எப்படி வந்தது இந்த எண்? போதைப்பொருள் விற்கும்போது துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 5 ஆண்டு என்கிறது அமெரிக்க மத்திய அரசின் குற்றச் சட்டத்தில் வரும் பிரிவு 924-சி. இரண்டாவது முறை என்றால் 25, மூன்றாவது என்றால் இன்னொரு 25. நம்மூர் தீர்ப்புச் செய்திகளில் 'தண்டனைகளை ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்' என்று அடிக்கடி கேட்டிருப்பீர்கள். இந்தப் பிரிவில் அதற்கு வழியே கிடையாது, ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது தொடங்கும். சரி, இரண்டாவது முறை என்றால் ஒருவன் ஜெயிலுக்குப் போய்த் திருந்தாமல் திரும்ப வந்து செய்வது என்றுதானே நாம் நினைப்போம்? இல்லை. ஒரே வழக்கில், ஒரே குற்றப்பத்திரிகையில் இருக்கும் அடுத்த குற்றச்சாட்டே இரண்டாவது முறைதான் என்று 1993இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எனக்கு மனம் ஆறாத இடம் இதற்கு முன்னால் நடந்தது. அரசு வழக்கறிஞர்கள் முதலில் பேரம் பேசினார்கள்: குற்றத்தை ஒப்புக்கொள், 15 ஆண்டோடு முடித்துக்கொள்ளலாம். அவர் மறுத்து, விசாரணையைச் சந்திக்கிறேன் என்றார். உடனே குற்றச்சாட்டுகளைக் கூட்டிப் புதிய குற்றப்பத்திரிகை வந்தது. துப்பாக்கிக் குற்றச்சாட்டு மட்டும் ஐந்து. எல்லாம் நிரூபணமானால் குறைந்தது 105 ஆண்டு! ஆள் அதே ஆள், கஞ்சாவும் அதே கஞ்சா, விசாரணை கேட்டார் என்பது மட்டும்தான் புதிது. அமெரிக்க ஃபெடரல், அதாவது மத்திய அரசு நடத்தும், வழக்குகளில் தண்டனை பெறுகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஏன் விசாரணைக்கே போகாமல் ஒப்புக்கொள்கிறார்கள் என்பது இதைப் பார்த்தாலே விளங்கும்.

ஐந்தில் மூன்று நிரூபணமாயின. அன்று அதே நீதிபதி, ஒரு முதிய பெண்ணைக் கட்டையால் அடித்துக் கொன்றவனுக்கு 22 ஆண்டு கொடுத்துவிட்டுத்தான் இந்த வழக்குக்கு வந்திருந்தார். ஜூரிகளிடமும் இவருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டுப் பார்த்தார், பதில் தந்தவர்களின் சராசரி 18 ஆண்டு. இந்தத் தண்டனை அநியாயமானது, கொடூரமானது, அறிவுக்கும் பொருந்தாதது என்று தீர்ப்பிலேயே எழுதினார், ஜனாதிபதி தலையிட்டுக் குறைக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். ஆனாலும் 55 விதித்தார், சட்டம் அவர் கையைக் கட்டியிருந்தது. தன் விருப்பத்துக்கு விடப்பட்ட மற்ற எல்லாக் குற்றச்சாட்டுகளுக்கும் சேர்த்து அவர் கொடுத்தது எவ்வளவு தெரியுமா? ஒரே ஒரு நாள்.

பரோலில் வந்துவிடலாமே என்று கேட்பீர்கள். நாம் பரோல் என்று சொல்வது கல்யாணம், சாவு என்று சில நாள் விடுப்பு. அங்கே பரோல் என்றால் தண்டனை முடியும் முன்பே, கண்காணிப்பில் வெளியே வாழ விடுவது. ஃபெடரல் சிறைகளில் அதை எடுத்துவிட்டார்கள், 1987 நவம்பர் 1 முதல் நடந்த குற்றங்களுக்கு அது கிடையாது. நன்னடத்தைக்கு வருஷத்துக்கு அதிகபட்சம் 54 நாள் கழியும், அவ்வளவுதான். அந்தக் கணக்கில் அவர் வெளியே வரும்போது எழுபது வயது தாண்டியிருக்கும்.

பல வருஷம் பலர் போராடி, 2016இல் வெளியே வந்தார். 2020 டிசம்பரில் ஜனாதிபதியின் மன்னிப்பும் கிடைத்தது. பன்னிரண்டு வருஷம் போனது போனதுதான், பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள்.

2018 டிசம்பர் 21 அன்று, இந்தப் பிரிவைத் திருத்திய ஃபர்ஸ்ட் ஸ்டெப் சட்டம் கையெழுத்தானது. முன்பே ஒரு வழக்கில் இதே குற்றத்துக்குத் தண்டனை உறுதியாகியிருந்தால்தான் இனி அந்த 25. ஏஞ்சலோஸின் அதே மூன்று குற்றச்சாட்டுகளுக்கு இன்று குறைந்தபட்சம் 15 ஆண்டுதான் வரும். நல்ல மாற்றம், சந்தோஷம். ஆனால் ஏற்கெனவே தண்டனை பெற்றவர்களுக்கு இந்தத் திருத்தத்தைச் சட்டம் இயற்றியவர்கள் நீட்டவில்லை. டிசம்பர் 20 அன்று தீர்ப்பு வந்தவருக்கு 55, 22 அன்று வந்தவருக்கு 15. நடுவில் இருப்பது ஒரே ஒரு கையெழுத்து.