பன்னிரண்டு பார்செக்கும் சேலத்து உரோம யானையும்

(உடுமலையில் சினிமா ரசிகர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். மைக் கரகரக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். பம்ப்செட்டாக இருந்தால் இதற்குள் கழற்றிப் பார்த்திருப்பேன். பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவனைச் சினிமா பேசக் கூப்பிட்டது உங்கள் தைரியம்.

எங்கள் பட்டறைப் பையன்கள் இங்கிலீஷ் படம் பார்த்துவிட்டு வந்தால், மறுநாள் மோட்டார் போடுவதற்குள் ஒரு சண்டை முடிந்திருக்கும். வேற்றுக் கிரகத்து ஆள் உண்டா என்று எவனும் கேட்க மாட்டான். அதை டிக்கெட் எடுக்கும்போதே ஒப்புக்கொண்டாயிற்று. சண்டையெல்லாம் அளவில்தான். மயிரிழை தப்பினாலும் ஜாப் ரிஜெக்ட் ஆகிற தொழில், கண் அப்படிப் பழகிவிட்டது.

1977-இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் கடத்தல்காரன் ஹான் சோலோ, கெஸல் ஓட்டம் என்ற கடத்தல் வழியைத் தன் விண்கப்பல் 12 பார்செக்குக்குள் முடித்ததாகப் பீற்றிக்கொள்வான். பார்செக் என்பது நேரம் இல்லை, தூரம். ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு; ஒளியாண்டும் வருஷக் கணக்கு இல்லை, ஒளி ஒரு வருஷத்தில் போகிற தூரம். ‘கோயம்புத்தூர்ல எடுத்து நாப்பதே கிலோமீட்டர்ல பொள்ளாச்சி வந்துட்டேன்’ என்று பஸ் டிரைவர் மார்தட்டினால் எப்படி? பட்டறையே சிரித்தது. வெல்டிங் பையன் மட்டும் விடவில்லை. ‘ஏனுங்கண்ணா, ஆபத்தான வழியில குறுக்க பூந்து தூரத்தையே குறைச்சிருந்தா?’ என்றான். படக்காரர்களும் அதையேதான் பிடித்துக்கொண்டார்கள். 2018-இல் ‘சோலோ’ என்று ஒரு படம் எடுத்து, அந்தக் குறுக்குவழியையே காட்டி, நாற்பது வருஷத்து ஓட்டைக்குப் பற்றவைத்தார்கள்.

அப்புறம் 2015-இல் வந்த ‘தி மார்ஷியன்’. செவ்வாயில் புயல் அடித்து ராக்கெட் சாயப் பார்க்கும். என் மச்சான் பல்லடம் பக்கம் காற்றாலையில் வேலை பார்க்கிறார். ‘வேகம் மட்டும் போதாதுங்க, காத்துல கனம் இருந்தாத்தான் றெக்கை சுத்தும்’ என்றார். செவ்வாயின் காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே மணிக்கு 100 கிலோமீட்டர் அடிக்கிற காற்று, இங்கே சுமார் 13 கிலோமீட்டர் காற்று தள்ளுகிற அளவுதான் தள்ளும். கொடியில் காயும் துணி ஆடும், அவ்வளவுதான். கதை எழுதிய ஆண்டி வியருக்கும் இது தெரியும். நாயகனைத் தனியே விட்டுவர ஒரு காரணம் வேண்டியிருந்தது, அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். சரி, தெரிந்தே செய்த தப்பு என்று நான் விட்டுவிட்டேன். மச்சான் இன்னும் விடவில்லை.

நம் பக்கத்துக்கும் ஒரு வழக்கு உண்டு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம், அமெரிக்கக்காரர்களோடு கூட்டுச் சேர்ந்து எடுத்த படம் ‘தி ஜங்கிள்’. வருஷம் 1952. காட்டு யானைகள் மிரண்டு ஓடுகின்றன, காரணம் உரோம யானை, அதாவது மேமத். நம் யானைக்கே சடை ரோமத்தைப் போர்த்தி மேமத் ஆக்கிவிட்டார்கள். இதைச் சொன்னதும் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான். ஆனால் உயிரோடு இருக்கும் விலங்குகளில் மேமத்துக்கு மிக நெருங்கிய சொந்தம் எது தெரியுமா? ஆசிய யானை. ஆப்பிரிக்க யானை ஒரு படி தள்ளித்தான். மேமத்துக்குக் காது சிறிசு, நம் யானைக்கும் ஆப்பிரிக்க யானையைவிடக் காது சிறிசு. கையில் கிடைத்ததை வைத்துச் செய்தார்கள், ஆள் தேர்வு சரியாக அமைந்துவிட்டது. குளிர்ப் பிரதேசத்து மிருகம் இங்கே எப்படி வந்தது என்ற கேள்விக்கு மட்டும் என்னிடம் வெல்டிங் இல்லை.

இதையெல்லாம் டீக்கடையில் விளக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பால் கேனோடு உட்கார்ந்திருந்த பெரியவர் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: ‘அதெல்லாஞ் சரிங்க தம்பி. சேலத்து வெயில்ல அந்த ரோமத்தப் போத்திக்கிட்டு நின்னுச்சே, அந்த ஆனைக்கு யாருங்க தண்ணி காட்டுனது?’