முதலில் மூச்சை விடுங்கோ

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

எங்கள் சனசமூக நிலையத்து யோகா வகுப்புக்கு வருகிறவர்களில் கனபேர் அறுபது தாண்டினவை. முழங்கால் நோ, பிரஷர், நித்திரை இல்லை. கதிரையில் இருந்தே செய்யலாம் என்றால், "அதுவும் யோகாவோ?" என்று கேட்பினம். அதுவும்தான்.

பதகளிப்பு வந்தால் நெஞ்சு படபடக்கும், தோள் இறுகும், மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுவிடும். "அமைதியாய் இரு" என்று மனதை அதட்டிப் பலனில்லை. இதயத்துடிப்புக்கு நாங்கள் நேரே கட்டளை போட ஏலாது, மூச்சுக்குப் போடலாம். மூச்சை இழுக்கும்போது நாடி கொஞ்சம் விரையும், விடும்போது தணியும். மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் இறங்குகிற வேகஸ் நரம்பின் வேலை அது. ஆகவே விடுகிற மூச்சை நீட்டினால் உடம்பு ஆறத் தொடங்கும். மனமும் பின்னாலே வரும்.

இப்பவே செய்து பார்ப்பம். மோட்டார் சைக்கிளில் போறவை றோட்டைப் பாருங்கோ, உங்களுக்கு இது வீட்டுக்குப் போன பிறகு. மற்றவர்கள் நிமிர்ந்து இருங்கோ. இரண்டு பாதமும் நிலத்தில் படட்டும். தோளைக் காதுவரை உயர்த்தி, தொப்பென்று விடுங்கோ. ஒரு கையை வயிற்றில் வைத்து, முதலில் மூச்சை முழுக்க வெளியே விடுங்கோ. இனி மூக்கால் இழுங்கோ: ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. வயிறு கையைத் தள்ளவேணும். ஆறு எண்ணி மெல்ல விடுங்கோ. நாலும் ஆறும் பத்து விநாடி, நிமிடத்துக்கு 6 மூச்சு. சாதாரணமாக வளர்ந்தவர்கள் 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். தலை சுற்றினால் நிற்பாட்டிவிட்டு வழமைபோல மூச்சு விடுங்கோ.

கண்ணை மூடச் சொல்லவில்லை, கவனித்தீர்களோ? தியானம் என்றால் கண்மூடி மௌனமாக இருக்கத்தான் வேணும் என்று ஒரு பிடிவாதம் எங்களிடம் உண்டு. ஷெல்லடிக்குப் பயந்து பங்கருக்குள் இருந்த ஆக்கள் வாழுகிற ஊர் இது. கண்ணை மூடினவுடனே சிலருக்கு அந்த நாட்கள்தான் திரும்பி வரும். அவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு, முற்றத்துச் செம்பரத்தையைப் பார்த்தபடி மூச்சை எண்ணலாம். அவர்களை வற்புறுத்துகிற ஆசிரியரோடு எனக்கு உடன்பாடில்லை.

யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம், மக்களுக்குப் பழக்கமான மரபுவழி முறைகளையே ஆறுதல் பயிற்சிகளாகப் பயன்படுத்தி, அதைப்பற்றி எழுதியும் இருக்கிறார். தேவாரமோ, செபமாலையோ, திக்ரோ, நாவில் ஊறினது எதுவோ அது போதும். ஒரு தேவார அடியை இழுத்துப் பாடிப் பாருங்கோ. பாட்டு முழுக்க வெளிமூச்சில்தானே போகுது! எங்கட அம்மம்மாமார் விடிய எழும்பிப் பாடினதிலும் இந்தப் பயிற்சி இருந்தது.

பிரஷர், இதய வருத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கிப் பிடிக்கக்கூடாது. ஒரு கிழமை நல்லாயிருந்தது என்று குளிசையை நிற்பாட்டுகிறவையும் இருக்கினம். டொக்டரைக் கேளாமல் அதைச் செய்யாதேயுங்கோ. கிழமைக்கணக்காக நித்திரை இல்லாமல், சாகலாம்போல இருக்கென்றால், மூச்சுப் பயிற்சியோடு நில்லாமல் யாழ் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கோ. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.