எல்லைக்கோடு விழும் இடம்

(கோத்தகிரியில் மாணவர்களின் கோட்டோவியக் கண்காட்சியை ஒட்டி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, ஓவியம் பயிலும் இளைய நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தனக்கு வேண்டியதையெல்லாம் தானே விளைவித்துக்கொள்ளும் ஓர் ஊரைக் கற்பனை செய்து வரைந்திருக்கிறீர்கள். சிலர் வரைந்தது பொன்னுலகம். சிலர் வரைந்தது கொடுங்கனவு. அவற்றைப் பார்த்து வரும்போது, சிறு வயதில் நான் கண்ட முதல் ஊர்ப்படம் நினைவுக்கு வந்தது. சம்பள நாளில் அம்மாவோடு வரிசையில் நிற்கையில், தேயிலைத் தோட்ட அலுவலகச் சுவரில் மாட்டியிருந்த தோட்டத்தின் வரைபடம் அது. கொழுந்து பறிக்கும் காடுகளுக்கு எண்கள் இருந்தன; தொழிற்சாலைக்கும் துரை பங்களாவுக்கும் பெயர் எழுதியிருந்தது; நாங்கள் வாழ்ந்த, வரிசையாகக் கட்டிய லயன் வீடுகளோ அரிசிமணி அளவிலான ஆறு கட்டங்கள். லயனுக்குப் பின்னால் அம்மா போட்டிருந்த பீன்ஸ் பந்தல் அந்தப் படத்தில் இல்லை. பிள்ளைக் காப்பகம், மருந்தகம், கடை எல்லாம் தோட்டத்துக்குள்ளேயே இருந்ததால், எல்லையைத் தாண்டாமலே ஒருவர் பிறந்து உழைத்து முடிந்துவிடலாம். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீட்டையும் மருத்துவத்தையும் நிர்வாகத்தின் கடமையாக்கியது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் வேலையோடு கட்டப்பட்ட வீடு, அப்பா ஓய்வு பெற்றதும் எங்கள் கையைவிட்டுப் போனது. தன்னிறைவு என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அந்த எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்று தேடும் பழக்கம் எனக்கு அதிலிருந்து வந்ததுதான்.

ஒரு கற்பனைத் தீவின் நல்லாட்சியைப் பற்றி 1516இல் ஆங்கிலேயரான தாமஸ் மோர் எழுதிய 'உடோப்பியா' நூலின் முதல் பதிப்பிலேயே அந்தத் தீவின் படம் மரச்செதுக்காக அச்சாகியிருந்தது. அது இயற்கையாக அமைந்த தீவன்று. நிலத்தோடு ஒட்டியிருந்த பகுதியை அதன் அரசன் 15 மைல் அகலத்துக்கு வெட்டிப் பிரித்து உண்டாக்கியது. அங்கே குடிமக்களின் மனம் இளகிய நிலையிலேயே இருக்க வேண்டும் என்பதற்காக, ஆடுமாடுகளை நகருக்கு வெளியே அடிமைகள் அறுக்கிறார்கள். கற்பனையான நல்ல ஊரின் முதல் படத்திலேயே அழுக்கான வேலை கோட்டுக்கு அப்பால் தள்ளப்பட்டுவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

நம் காலத்து ஓவியர்களில் பால் நோபிளின் பெயரைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்துக்காரரான அவர் 1990களின் நடுவில் 'நாப்சன் நியூடவுன்' என்ற கற்பனை நகரைத் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் பென்சிலாலேயே மிகப் பெரிய தாள்களில் வரைந்தார். கட்டடங்கள் எழுத்துகளின் வடிவில் நிற்கின்றன. மருத்துவமனை தன் பெயரைத் தானே எழுதிக் காட்டுகிறது. தொலைவு போகப் போகப் பொருள் சிறுத்துவிடாத சாய்வு முறையில் வரைந்திருப்பதால், மூலையில் கிடக்கும் கல்லும் முன்னால் கிடக்கும் கல்லும் ஒரே அக்கறையோடு தீட்டப்பட்டிருக்கின்றன. ஆனால் மனிதர் ஒருவரும் இல்லை. எல்லா வசதிகளையும் எழுதிவைத்துவிட்டு, வாழ்பவரை எழுதாமல் விட்ட நகரம் அது. என் தோட்டத்து வரைபடம்போல.

டச்சு ஓவியர் கான்ஸ்டன்ட் போன வழி வேறு. 1956இல் இத்தாலியின் ஆல்பா நகரில், இருக்க இடமின்றி விரட்டப்பட்ட ரோமா நாடோடிகளைக் கண்டு, அவர்களுக்காக ஓர் இருப்பிடத்தை வடிவமைக்கப் புகுந்தார். அது வளர்ந்து, எந்திரங்களே உழைக்க மனிதர் விளையாடித் திரியும் 'புதிய பாபிலோன்' ஆயிற்று. ஏறக்குறைய 20 ஆண்டுகள் அதையே வரைந்தார். பிற்காலப் படங்களில் தூண்களுக்கிடையே வன்முறையும் இரத்தக்கறை போன்ற சிவப்பும் புகுந்தன. தான் நேசித்த நகரில் என்ன நடக்கும் என்று அதே கையால் வரைந்து பார்த்த அவருடைய நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்; திட்டத்தைக் காப்பாற்றுவதற்காக அவர் படத்தைப் பொய்யாக்கவில்லை.

நம் மலைக்கு வருவோம். தனித்து வாழ்ந்த ஆதிக்குடிகளின் தன்னிறைவு என்று நீலகிரியைப் பற்றி வெளியூரார் எழுதுவதுண்டு, அது தவறு. தோடரின் குடியிருப்பான மந்தில் வெண்ணெயும் நெய்யும் இருந்தன, இரும்பு இல்லை. கத்தியும் கோடரியும் பானையும் சாவு வீட்டுக்கு இசையும் கோத்தரிடமிருந்து வந்தன. தானியம் படகரின் ஊரான ஹட்டியிலிருந்து வந்தது. தேன் குறும்பர் இறக்கியது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் உயர்வு தாழ்வும் அச்சமும் கலந்திருந்தன, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த ஊரும் அகழி வெட்டிக்கொள்ளவில்லை. இதே கோத்தகிரிப் பக்கத்து வெள்ளரிக்கொம்பையில் ஆலு குறும்பர் வேங்கைப் பிசின் கொண்டு தீட்டும் ஓவியங்களில், கயிற்றேணியில் தொங்கியபடி பாறையிலிருந்து தேனெடுப்பவரைப் பார்க்கலாம். அங்கே ஊர் என்றால் முதலில் ஆட்கள், அவர்கள் கையில் ஒரு வேலை.

கடைசி வரிசையில் ஒரு கரிக்கோல் படம் இருக்கிறது. மதிலுக்குள் அடுக்கடுக்காகக் காய்கறிப் பாத்திகள், மழைநீர்த் தொட்டிகள், காற்றாலைகள். கண்ணுக்கு இதமான ஊர். அதன் கீழ்மூலையில் தாள் சற்றே மங்கியிருந்தது. சாய்வாக நின்று பார்த்தபோது அழித்த கோடுகள் தெரிந்தன: மேட்டுப்பாளையத்திலிருந்து அரிசி மூட்டைகளோடு கொண்டை ஊசி வளைவில் ஏறிவரும் ஒரு லாரி, மூட்டை இறக்கக் காத்திருக்கும் இருவர். தன்னிறைவு என்ற தலைப்புக்குப் பொருந்தாது என்று அழித்துவிட்டதாக வரைந்த மாணவி சொன்னார். அந்த லாரியை, அந்த இரண்டு பேரோடு, மறுபடி வரைந்து தரும்படி அவரிடம் கேட்டிருக்கிறேன்.